பச்சை ஏறிய கிழங்கு

அன்பு மகளுக்கு,

இந்த வரியைப் படித்ததும் கடிதத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போ. உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தால் இறக்கிக் கொட்டு. போன வாரம் லாரி ஓட்டுநர் கொடுத்த பையில் இருப்பதை ஒரு வாய்கூடச் சாப்பிடாதே. மாப்பிள்ளைக்கும் கொடுக்காதே. மற்றதைப் பிறகு படிக்கலாம்.

நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். ஏழாம் மாதம் போலிருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னார். கால் வீங்குகிறதா? தூக்கம் வருகிறதா?

அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கையில் சலைன் ஏறுகிறது. என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது, தேறிவிடுவாள். முந்தாநாள் மத்தியானம் அந்தக் கிழங்கை வறுத்துச் சாப்பிட்டவள் கசக்குது என்றாள். உன் நாக்கே அப்படித்தான் என்று கேலி செய்தேன். சாயங்காலத்துக்குள் ஐந்து முறை வாந்தி. எனக்குச் சர்க்கரை இருப்பதால் என் தட்டில் அவள் வைக்கவில்லை. வைத்திருக்கலாம்.

மொட்டை மாடியில் ஆறு சிமென்ட் சாக்கில் மண் நிரப்பி நாங்கள் இருவரும் வளர்த்த கிழங்கு அது. செடி மஞ்சளாகிச் சாய்ந்ததும் சாக்கைக் கவிழ்த்தோம். துழாவத் துழாவ உருண்டு வந்தது. அம்மா சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். இரண்டு வாளி.

அதுவரை சரி. அப்புறம்தான் என் சலவைக்கடைப் புத்தி வேலை செய்தது. நாற்பது வருஷம் துணி உலர்த்தியவனுக்கு ஈரம் என்றாலே பயம். விதைக் கிழங்கு தந்த கடைக்காரர், தோண்டினதும் கழுவாம இருட்டுல வைங்க என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவேயில்லை. கழுவி, படுக்கை விரிப்பில் பரப்பிப் பன்னிரண்டு நாள் வெயிலில் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் காயக்கூடாதென்று காலையும் மாலையும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தோல் பச்சையானது. பச்சை என்றால் புதுசு என்று நினைத்தேன். நன்றாகப் பச்சை ஏறியதாகப் பொறுக்கி உனக்கு ஒதுக்கினேன்.

டாக்டரம்மா தோலைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். வெளிச்சம் பட்டுப் பச்சையானால் விஷம் ஊறுமாம், வேகவைத்தாலும் போகாதாம். வேற யார் சாப்பிட்டாங்க என்று கேட்டார். மாசமாக இருக்கும் மகளுக்கு அனுப்பினேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

உன் புது நம்பர் எங்களிடம் இல்லை. யாரால் இல்லை என்று எனக்குத் தெரியும். நானே கிளம்பியிருப்பேன், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அதனால் அதே ஓட்டுநரிடம் இதைக் கொடுக்கிறேன். சாப்பிட்டிருந்தால், வயிறு வலித்தாலும் வலிக்காவிட்டாலும், அவர் வண்டியிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போ. பச்சைக் கிழங்கு சாப்பிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பையைக் கொடுத்ததும் நீ கண்ணில் ஒற்றிக்கொண்டாய் என்று ஓட்டுநர் வந்து சொன்னார். அன்றைக்கு எனக்கு வயிறு நிறைந்தது. இன்றைக்கு அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அம்மா குடுத்தாங்கன்னு சொல்லுங்க, என் பேச்சையே எடுக்காதீங்க என்று அவரிடம் சொல்லி அனுப்பியவன் நான். அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

அது நான் அனுப்பிய பை, மகளே. உங்க கையால பச்சைத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்று கல்யாணத்தன்று சொல்லிவிட்டுப் போனாயே, அந்த அப்பா அனுப்பியது. அந்தச் சொல்லை இந்த ஒரு தடவை காப்பாற்று. நீயும் பிள்ளையும் நூறு வயசு இருக்க வேண்டும். குப்பையில் கொட்டிவிட்டேன் என்று ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. சாப்பிடுவதற்கு முன்பே கொட்டிவிட்டேன் என்று சொல்லி அனுப்பு.

உன் அப்பா