என் ஸ்க்ரீன்ல வராத விலை

செவ்வாய், ராத்திரி

என் போன்ல விலை வேகமாத்தான் வருது, யாரு இல்லன்னா? ஆனா முழுசா வருதான்னு இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சு. சாயங்காலம் புரோக்கர் ஆப்புல க்ரூட் ஆயில் ஃப்யூச்சர் வாங்கிட்டு, அஞ்சு ரூவா எறங்குனா வித்துடுன்னு ஆர்டர் போட்டேன். என் ஸ்க்ரீன்ல மூணு ரூவாதான் எறங்குச்சு. ஆனாலும் வித்துடுச்சு. புரோக்கர் ஏமாத்தறான்னு ஃப்ரெண்டு இம்ரான்கிட்ட கத்துனேன். காரிமங்கலத்துல மொபைல் கடை வெச்சிருக்கான், அவனும் டிரேடு பண்றான், ஆனா வேற புரோக்கர்கிட்ட.

"அஞ்சைத் தொட்டுட்டுத்தான் ஏறுச்சுடா. பஸ்ல தூங்கிட்டு, காரிமங்கலம் வரவே இல்லன்னு சொல்ற ஆளுடா நீ"ன்னான்.

ரெண்டு போனையும் பக்கத்துல வெச்சு ஸ்லோமோஷன்ல வீடியோ எடுத்தோம். என்னுது அர செகண்ட் முந்தி வருது, ஆனா நடுவுல நாலஞ்சு விலையத் தாண்டிக் குதிக்குது. அவனுது லேட்டு, ஆனா ஒண்ணு விடாம வருது. எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு. அப்பறம்தான் திக்குன்னுச்சு. காலேஜ விட்டுட்டு ஒரு வருசமா ஒக்காந்து எப்ப வாங்கணும், எப்ப விக்கணும்னு ஒரு ரூல் கண்டுபிடிச்சேனே, அது இந்த அரைகொறை விலைய வெச்சு செஞ்சது. அத நம்பித்தான் வூட்டுல இன்னும் ஆறு மாசம் டைம் கேட்டிருக்கேன். முழு விலையில அந்த ரூல் நிக்குமா? விழுந்தா எந்த எடத்துல விழும்? இம்ரான் சேத்து வெச்ச ஒரு மாச விலை ஃபைலு இப்பத்தான் வந்துச்சு. அதுல என் ரூல ஓட்டிப் பாக்கணும், போறேன்.