ஆரிபாவின் தலையில் காயம் இல்லை

அனுப்புநர்:
ஜாஹிதா பீவி (வயது 19),
த/பெ. முகைதீன் பிச்சை,
பள்ளிவாசல் தெரு,
புதுவயல்.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்ட அதிகாரி அவர்கள்,
தேவகோட்டை,
இராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: என் அக்காள் ஆரிபா பீவி இறந்ததை விசாரிக்கவும், அது முடியும் வரை அவள் கணவருக்கும் எனக்கும் பேசியுள்ள நிக்காஹை நிறுத்தி வைக்கவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்காளை, காரைக்குடி செக்காலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அசன் முகம்மதுவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். கடந்த ஜூன் மாதம், துணி துவைக்கையில் வழுக்கித் தொட்டிக்கல்லில் மண்டை அடிபட்டு மவுத்தாகிவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னார்கள்.

2. பெண் மய்யித்தைப் பெண்களே குளிப்பாட்டுவோம். லத்தீபா பெரியம்மா முன்னின்று செய்ய, நான் அக்காள் சடையை அவிழ்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். என் விரல் படாத இடம் அந்தத் தலையில் இல்லை. காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. கழுத்தில்தான், விரல்கள் அழுந்தியது போல இரண்டு பக்கமும் கன்றியிருந்தது. பெரியம்மாவும் பார்த்துவிட்டார்கள். “கண்டத வெளிய சொல்லப்படாது தாயி. அது மவுத்தானவுக மானம்” என்று சொல்லிக் கபன் துணியை இழுத்து மூடினார்கள்.

3. குளிப்பாட்டியவர் மய்யித்தின் குறையைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் மார்க்கத்தில் உள்ளதுதான். ஆனால் அந்தத் தடம் என் அக்காளின் குறையா, அதைப் பதித்தவரின் குறையா? யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டேன். இதை எழுதுவது பாவமா என்றும் தெரியவில்லை.

4. மச்சான் கெட்டவர் என்று எழுத முடிந்தால் எனக்கு எளிதாக இருக்கும். அடக்கத்தன்று அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அக்காளும் ஒரு நாளும் அவரைக் குறை சொன்னதில்லை. கடைசியாக வந்தபோது அந்த வெக்கையிலும் முக்காட்டைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றியிருந்தாள். கேட்டதற்கு, “ஒண்ணுமில்லடி, நீ பிள்ளையத் தூக்கு” என்றாள்.

5. இப்போது அந்த மூன்று வயதுப் பிள்ளையை வளர்க்க வேறொருத்தி வரக் கூடாதென்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். அத்தா சரி என்றுவிட்டார். நோன்புக்கு முன், இம்மாதம் 12-ஆம் தேதி நிக்காஹ். அம்மாவிடம் கழுத்தைப் பற்றிச் சொன்னேன். அழுதுவிட்டு, “பிள்ள மொகத்தப் பாரு” என்றார்கள். பார்க்கிறேன். என்னைக் கண்டதும் ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்கிறது. பிள்ளையைக் கைவிடவும் மனமில்லை. அந்த வீட்டுக்குள் போவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போனேன். அத்தாவை அழைத்து வா என்று அனுப்பிவிட்டார்கள்.

6. கப்ரைத் தோண்டுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தோண்டாமல் எப்படி ருசுவாகும் என்றும் விளங்கவில்லை. அது தங்கள் முடிவு. தோண்டுவதானால் லேடி டாக்டர் மட்டுமே அவளைப் பார்க்கும்படி உத்தரவிட வேண்டுகிறேன். என் சந்தேகம் தவறென்று தெரிந்தால் மச்சானிடம் மன்னிப்புக் கேட்கவும் தயார்.

7. நிக்காஹ் அன்றைக்கு என் சார்பில் வக்கீலாக நிற்கும் சின்னத்தாவும் (அத்தாவின் தம்பி) இரண்டு சாட்சிகளும் அறைக்குள் வந்து சம்மதம் கேட்பார்கள். பெண் பேசாமல் குனிந்திருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அத்தனை பேர் நடுவில் எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. ஆகவே, அவர்கள் கேட்பதற்கு முன்பே தாங்கள் யாரையாவது எங்கள் வாசலுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

இடம்: புதுவயல்
நாள்: 3-9-1974

இப்படிக்கு,
ஆரிபாவின் தங்கை
ஜாஹிதா பீவி