கிழக்கு முனைச் சங்குகள்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். எஸ்-பான் ரயில் பதினைந்து நிமிடம் தாமதம். அலுவலகத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, கோட்டோடு இருந்தேன்.

தீவிலிருந்து படங்கள். மேற்குக் கரையில் குவியலாகச் சங்கு ஓடுகள். எல்லாம் துளை போட்டு இறைச்சி உருவியவை. உள்ளே றோசா நிறம் மங்கவில்லை, அதாவது புதியவை. பாதிக்கு மேல் குஞ்சு. அன்று எங்கள் படகு கிழக்கு முனையில் சிங்கமீன் குத்திக்கொண்டிருந்தது. போன வாரம் படகு மேற்கே, களவு கிழக்கே. இது மூன்றாவது தடவை. தற்செயலாம்! போங்கடா.

கரீபியன் கடலில் ஒரு பவளப்பாறையைக் காக்கப் பிராங்பேர்ட்டில் ஒரு ஃபெராயின், அதாவது சங்கம், அதற்கு ஒரு யாழ்ப்பாணத்துச் செயலாளர். ஒரே படகு. அதுவே காவலும் செய்ய வேண்டும், அந்தக் கடலுக்கு உரியதல்லாத சிங்கமீன் குஞ்சு மீன்களை விழுங்கித் தீர்க்குமுன் அதையும் குத்தி எடுக்க வேண்டும். படகு எங்கே நிற்கும் என்று கள்ளருக்குத் தெரிந்தால் எல்லாம் வீண்.

யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

பல்வலி. பல் வைத்தியரிடம் டெர்மின் அடுத்த மாதம்தானாம்.

படகில் மூன்று பேர். இருவர் தீவின் காவலர், சொந்தக் கடலை விற்பார்களா? மூன்றாமவர் பீற்றர் அண்ணை. மன்னார். இங்கே பக்கத்து ஓஃபன்பாக்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சுழியோடி என்று நான்தான் சேர்த்துவிட்டேன். இப்போது யோசித்தால்:

1. இளமையில் சங்கு குளித்தவர். அதன் அருமை தெரியும்.
2. சனி பின்னேரங்களில் தீவில் எங்கே போகிறார்? கேட்டால் "சும்மா இதிலதான்."
3. நேற்று வாட்ஸ்அப்பில் சட்டிப் படம். வெள்ளை இறைச்சி, தேங்காய்ப்பால். "என்ன கறி அண்ணை?" என்று கேட்டேன். சிரிக்கும் பொம்மை மட்டும்.
4. மன்னார் ஆள் என்ற யாழ்ப்பாணத்து இளக்காரம். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் இருக்கிறது.

வீட்டில் என் கணவரிடம் முதல் மூன்றையும் சொன்னேன். "நீர் பொலிசில சேர்ந்திருக்கலாம்" என்கிறார். இந்த மனிசனிடம் சொன்ன எனக்குத்தான் விசர்.

மார்ச் 7, வெள்ளி

வெயில்! ஜன்னல் துடைத்தேன்.

உறுப்பினர்களுக்கான வாரக் கடிதம் முடித்து இணையத்தில் போட்டாயிற்று. ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும். இவர் எட்டிப் பார்த்துச் சிரிப்பு. "இஞ்ச பாரன், அசல் கோயில் திருவிழா நோட்டீஸ். நாள், இடம், நேரம், உபயகாரர் பேர். பூ வேற." சிரிக்கட்டும். பத்து வருடம் கோயிலுக்கு நோட்டீஸ் அடித்த கை. ஒவ்வொரு நாள் படகோட்டத்துக்கும் ஒரு குடும்பத்தின் உபயம் என்று நான் போடத் தொடங்கிய பிறகுதான் உறுப்பினர்கள் கூடினார்கள். எங்கள் தலைவி மார்கிட் வாய்விட்டுப் பாராட்டிய ஒரே விஷயம்.

மார்ச் 10, திங்கள்

மறுபடி ஓடுகள். பீற்றர் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, படகு எங்க போகுதெண்டு ஆருக்கும் சொல்லுறனீங்களோ?"

"நான் ஏன் தங்கச்சி சொல்லப்போறன்? அது ஊருக்கே தெரியுமே."

ஊருக்கே தெரியுமாம். என்ன மழுப்பல்! குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மார்கிட்டிடம் சொல்லிவிட்டேன். "நிச்சயமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் ஓம் என்றேன். நாளை முதல் அவர் படகில் ஏறக் கூடாது. 21ஆம் திகதி விமானம். என் பெயர் வராதாம்.

பால், வெங்காயம், கழுவும் தூள். மறந்துபோனேன்.

மார்ச் 19, புதன்

இரவு பத்து மணி, அங்கே பின்னேரம் ஐந்து.

படகு மேற்கே. கிழக்கு முனையில் இதுவரை இல்லாத அளவு ஓடுகள். பீற்றர் அண்ணை ஒரு வாரமாகக் கரையில். யாரும் அவரோடு பேசுவதில்லை.

இம்முறை, படகு திரும்பும் வழியில், ஒருவன் பிடிபட்டான். அவனுடைய தொலைபேசியில் திறந்திருந்த பக்கத்தைக் காவலர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "புதன், மேற்குக் கரை, காலை 8 முதல் 12 வரை." கீழே உபயகாரர் பெயர். சுற்றிவர நான் போட்ட பூ.

ஐயோ.

மார்ச் 20, வியாழன்

மார்கிட்டுக்கு எடுத்து எல்லாம் சொன்னேன். உடனே பக்கத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டாள். தானும்தான் வாசித்துப் பாராட்டியதாகச் சொன்னாள். ஆறுதலாக இல்லை.

சனிக்கிழமைகள், மார்கிட் இப்போதுதான் விசாரித்துச் சொன்னது: பீற்றர் அண்ணை தேவாலய வளவில் தீவுப் பெண்களுக்குச் சிங்கமீனின் முள் வெட்டி, தேங்காய்ப்பால் சொதி வைக்கக் காட்டிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் சாப்பிடத் தொடங்கினால் மீன் குறையுமாம். ஆண்டுக் கூட்டத்தில் எங்களுக்குச் சமைத்துக் காட்டிவிட்டுத்தான் சொல்ல இருந்தாராம். அந்தச் சட்டியும் அதுதான்.

மார்கிட் அவரை நிற்கச் சொல்லிக் கெஞ்சினாளாம். "கள்ளன் எண்டாப் பிறகு அந்தப் படகில கால் வைக்க ஏலாது" என்றாராம்.

இவரிடம் சொன்னேன். கேலி பண்ணவில்லை. பண்ணியிருக்கலாம்.

மார்ச் 22, சனி

விமான நிலையம். மழை. நானே கூட்டி வரப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று. வழியெல்லாம் வசனம் பாடமாக்கினேன்.

கறுத்து, மெலிந்து, ஒரு பெட்டியோடு வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி, நீங்களே வந்திட்டியளோ! ஆரோ என்னைப் பற்றிச் சொல்லிப்போட்டினம். ஆர் நம்பினாலும் நீங்கள் நம்பியிருக்க மாட்டியளெண்டு எனக்குத் தெரியும்."

வாயைத் திறந்தேன். "ஓம் அண்ணை" என்றுதான் வந்தது.