சனிக்கிழமை மாண்டோலா

கொடைக்கானல்
17.10.1983

அன்பு மகன் மூக்கையாவுக்கும் மருமகள் சண்முகசுந்தரிக்கும் அம்மா எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் மழையில் நனைந்தபடி சுகம், பம்பாயில் நீங்கள் நனையாமல் சுகமாக இருக்கப் பூம்பாறை வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய மாண்டலின் புத்தகம் ஆவணியிலேயே வந்துவிட்டது. மாண்டோலாவுக்குப் புத்தகம் கேட்டால் கடைக்காரர்கள் மாண்டலினுக்குத்தான் எடுத்து நீட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய், பரவாயில்லை, தங்கச்சி மாண்டலின் புத்தகத்தை வைத்துப் பெரிய உடம்புக்காரி அக்காள் மாண்டோலாவைப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் சமையல் செய்த பங்களாவின் ரூத் அம்மா அமெரிக்காவுக்குத் திரும்பும்போது இந்த மாண்டோலாவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனதும், ஐம்பது வயதில் உனக்கு எதுக்கும்மா இந்தக் கூத்து, பேசாம எங்களோட வந்து இரு என்று நீ எழுதியதும், கைக்கு வராவிட்டால் தை மாதம் வீட்டைக் காலி பண்ணிவிட்டு வந்துவிடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கும். அந்தப் பயத்திலேயே உலை கொதிக்கும்போதுகூட விடாமல் வாசித்தேன். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, புத்தகத்தில் நாலு கோடு போட்டு எண்கள்தான் இருக்கின்றன, எந்தக் கம்பியில் எத்தனையாவது கட்டத்தில் விரலை வைப்பது என்று. சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்த சீட்டைப் படித்தவளுக்கு இது பெரிய காரியமா? விரல் நுனி காய்த்துப் போனது, ஆனால் இரண்டே மாதத்தில் ஒரு பாட்டு முழுசாக வந்துவிட்டது. புத்தகத்தின் மேல் போட்டிருந்த புளூகிராஸ் என்றால் என்ன என்று மருமகள் கேட்டிருந்தாள், அமெரிக்காவில் மலைக்காரர்கள் பாட்டாம், ஓட்டமும் பாய்ச்சலுமாக வாசிக்கிறார்கள், அங்கேயும் குளிர் அதிகமோ என்னவோ.

முந்தாநாள் சனிக்கிழமை தலையை வாரி முடிந்துகொண்டு, பாஞ்சோ வாசிக்கிற டேவிட் சார் வீட்டுக்குப் போனேன். வாராவாரம் அங்கேதான் நாலைந்து பேர் கூடி வாசிப்பார்கள், டிரைவர் குருநாதன் கிட்டார் வாசித்துப் பாடுவான். நான் ஓர் எண்கூடத் தப்பாமல் வாசித்தேன், ஆனால் அவர்கள் ஒரு பக்கம் போகிறார்கள், என் பாட்டு ஒரு பக்கம் போகிறது, காது கூசியது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். என்னக்கா, ஒங்க பாட்டு மட்டும் பள்ளத்துல கெடக்கு என்று குருநாதன் சொன்னதும் எனக்கு அழுகை முட்டியது, பம்பாய்க்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்றே முடிவு செய்துவிட்டேன். டேவிட் சார் என்னைத் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். விரலெல்லாம் சரிதாங்க, மாண்டோலா கம்பி மாண்டலினைவிடக் கீழே பேசும், அதே விரலை வைத்தால் சுருதி இறங்கித்தான் வரும் என்றார். மாற்றிப் படிக்க எத்தனை மாதமாகும் என்று கேட்டேன். அதெல்லாம் மெதுவாப் படிக்கலாம், இன்னைக்கு நாங்க உங்க சுருதிக்கு வர்றோம் என்று சொல்லி பாஞ்சோவின் கழுத்தில் ஒரு கிளிப்பை மாட்டினார். குருநாதனும் விரலை மாற்றிப் பிடித்தான், உச்சியில் போய்க் கீச்சிடுகிற அவன் தொண்டைக்கும் அன்றைக்குத்தான் சௌகரியமாக இருந்தது. மூன்று தரம் வாசித்தோம். உன் அப்பா போன பிறகு நான் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை மூக்கையா.

அதனால் இனி மாண்டோலா புத்தகம் தேடி அலையாதே, அதே மாண்டலின் புத்தகத்துக்கு இரண்டாம் பாகம் இருக்கிறதாம், அதை வாங்கி அனுப்பு, மெதுவாக வாசித்துக் காட்டுகிற கேசட் கிடைத்தால் அதையும். தை மாதம் கட்டாயம் வருகிறேன், குடியிருக்க இல்லை, உங்களைப் பார்க்க. பூண்டியிலிருந்து நல்ல பூண்டு கொண்டுவருகிறேன், மருமகளை ஈரத் தலையோடு வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல். வேலப்பர் அருளால் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்று மறந்துவிடாதே, நீ ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன் அல்லவா, சனிக்கிழமை வந்தால் மட்டும் என்னைத் தேடாதே. சாவி பக்கத்து வீட்டுப் பாப்பம்மாளிடம் இருக்கும், சோறு அடுப்படியில் இருக்கும், சாப்பிட்டுவிட்டு டேவிட் சார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேள்.

என்றும் உங்கள் நினைவாக இருக்கும் அம்மா,
அமிர்தவல்லி