எட்டாம் நம்பர் டப்பா

என்னங்க, போன் வந்தது, ஆய்வுக்கூடத்துக்கு ஓடுகிறேன். மூளையின் பரபரப்பை அடக்கும் நரம்பு இணைப்புகள் உருவாக நாங்கள் ஆராயும் மரபணுதான் வேண்டியிருக்கிறதாம். அது இல்லாத எலிகளிடம் அவை பாதிகூட இல்லை. எந்த எலிக்கு அது உண்டு, எதற்கு இல்லை என்றே தெரியாமல், நம்பரை மட்டும் பார்த்து ஆறு மாதம் அளந்தோமே, இன்றுதான் எந்த நம்பர் எந்த எலி என்ற பட்டியலைப் பிரித்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதே பழக்கத்தில் ஃபிரிட்ஜ் டப்பாக்களுக்கும் நம்பர் போட்டது என் தப்புதான். பாலென்று சலவைக்கஞ்சியைக் காபியில் ஊற்றிக்கொண்டு, "இது என்ன வீடா, எலிக்கூண்டா?" என்று நேற்று நீங்கள் கத்தியது நியாயம். பதிலுக்கு நான் கத்தியதுதான் அதிகம்.

எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன். சூப்பைச் சூடாக்கிக் குடியுங்கள். சாவி செருப்பு அலமாரிமேல்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: எட்டாம் டப்பாவில் மட்டும் என்னவென்று எனக்கே தெரியவில்லை. ருசி பார்த்துவிடாதீர்கள். நீங்கள் எனக்கு வேண்டும்.