டி டிரைவில் நீ வைத்த ஐந்து நாள்

நேற்று மத்தியானம் மின்சாரம் போனதும் வீட்டு யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. விட்டுவிட்டு வரும் அந்தக் கீச்சொலியைக் கேட்டால் இன்றும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிடுவேன். நீ போய்விட்டாய் என்று உன் கணவர் தொலைபேசியில் சொல்லி ஒரு மாதம்தான் ஆகிறது. மின்சாரம் திரும்பி வந்த பிறகும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். லஸ் முனைக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மேலே நம் அலுவலகம். இருந்த நான்கு கணினிகளில் எட்டு எம்பி நினைவகம் கொண்டது ஒன்றுதான். காலையில் அது எனக்கு, மதியத்துக்கு மேல் உனக்கு. நீ சாந்தோமில் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவள். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கிக்காக மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். எந்த வகை ரத்தத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று தேடித் தரும் பகுதி உன்னுடையது. திங்கட்கிழமை மருத்துவர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும்.

எழுதியதையெல்லாம் ஒன்றுசேர்த்து பில்டு போட நாற்பது நிமிடம் ஆகும். பாதியில், டிஸ்க்கில் இடமில்லை என்று நின்றுபோகும். பில்டு ஓடும்போது உருவாகும் தற்காலிகக் கோப்புகள் மிச்சமிருந்த இடத்தையும் அடைத்துக்கொண்டன. திங்கட்கிழமையை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நினைவகத்திலேயே ஒரு பகுதியைப் பிரித்து, அதை ஒரு டிஸ்க் போலக் காட்டி, தற்காலிகக் கோப்புகள் அங்கே போகும்படி மாற்றினேன். அதிகமாகப் பிரித்தால், எழுதியதை ஓடும் வடிவுக்கு மாற்றித் தரும் கம்பைலருக்கு நினைவகம் போதவில்லை. குறைத்தால் கோப்புகளுக்கு இடம் போதவில்லை. மூன்று காலைகள் கூட்டியும் குறைத்தும் பார்த்து, பாதிக்குப் பாதி என்று வைத்தபோது பில்டு பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. கணினியில் புதிதாக ‘டி’ என்று ஒரு டிரைவ் தெரிந்தது. வெறும் நினைவகம்தானே, கணினியை நிறுத்தினால் அதிலிருப்பது அத்தனையும் போய்விடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று வியாழக்கிழமை. ரத்த வங்கியில் ஒரு படிவம் வாங்கிவர நான் கிளம்பியபோது நீ திரும்பிப் பார்த்தாய்.

“ஏய், புதுசா டி டிரைவ் போட்டிருக்காங்கடி. காலியா இருக்கு. சி-ல இடமே இல்ல, என்னோடது எல்லாத்தையும் அங்க மாத்திட்டேன்.”

காதில் விழுந்தது. பஸ் போய்விடும் என்ற அவசரம். வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று படியிறங்கிவிட்டேன்.

திரும்பி வந்து கீழ்ப்படியில் கால் வைக்கும்போது யுபிஎஸ் கத்துவது கேட்டது. ஓடினேன். நீ பதறவில்லை. எல்லாவற்றையும் முறையாகச் சேமித்துவிட்டு, நான் வாசலுக்கு வரவும் சுவிட்சை அணைத்தாய்.

மின்சாரம் வந்தபோது டி காலியாக இருந்தது. ஃபிளாப்பியில் போன வெள்ளிக்கிழமை நகல்தான்; உன் ஐந்து நாள் வேலை போயிற்று. நம் மேலாளர் ரகு சார் உன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“சேவ் பண்ணாமயே ஆஃப் பண்ணிட்டீங்களா?”

“இல்ல சார், பண்ணேன் சார். நல்லா ஞாபகம் இருக்கு.”

“அப்ப எங்கம்மா போச்சு? பறந்துடுச்சா?”

கணினிக்கு ஏதாவது என்றால் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். அவரும் என்னைப் பார்த்தார். “என்னன்னு பாக்கறேன் சார்” என்றேன்.

மறுநாள் காலை நீ வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைத்தேன். டி டிரைவ் மறைந்துபோயிற்று. மத்தியானம் நீ திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய்: “நேத்து டி-னு ஒண்ணு இருந்துச்சில்ல? நீ பாத்தல்ல?”

“கவனிக்கலடி” என்றேன்.

நீ எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாய். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு நோட்டில் மணியைக் குறித்துக்கொண்டாய். அந்த நோட்டை என்னால் பார்க்க முடியவில்லை. பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன். சனிக்கிழமை சார் உன்னிடம் ஒரு கடிதம் கொடுத்தார். நிரந்தரம் இப்போது இல்லை, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் நீ சொன்னாய்: “ஸ்கூலுக்கே திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன்டி. எனக்கு ஞாபகம் சரியில்ல போல. வீட்ல கேஸை மூடினேனான்னு மூணு தடவை எழுந்து பாக்கறேன்.”

அப்போதுதான் சொன்னேன். டி எப்படி வந்தது, எப்படிப் போனது, நீ சொன்னது என் காதில் விழுந்தது, எல்லாம். உன் பஸ் வந்து நின்று போனது. நீ ஏறவில்லை.

“எழுதினது போனா போகட்டும்டி. இன்னொரு தடவை எழுதிடுவேன். ரெண்டு நாளா என் கண்ணையே நான் நம்பலியே. அதை என்ன பண்ணப்போற?”

அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நீயே, “வா, மேல போலாம். சார் இன்னும் இருப்பாரு. நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கறேன்” என்றாய். சொன்னபடியே நின்றாய். சார் என்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு உன்னிடம் கையை நீட்டிக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “மன்னிச்சுக்கோங்கம்மா” என்றார். எல்லோரிடமும் சொல்லிவிட்டு நான் டி-யைத் திரும்ப வைத்தேன்; ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து நீ எழுதி முடித்தாய். திங்கட்கிழமை உன் பகுதி ஓடியது. அந்த வாரமே உன் வேலை நிரந்தரமாயிற்று.

என்னோடு நீ வேலை தவிர வேறு பேச ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு இத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாலும், “விடுடி” என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் முழுதாகக் கேட்காமலே போயிற்று.

இப்போது பெருங்குடியில் நான் பார்க்கும் வேலையில் ஒரு சின்ன அமைப்பை மாற்றினாலும் ஒவ்வொருவர் இடத்துக்கும் எழுந்து போய்ச் சொல்கிறேன். “மெயில் போட்டா போதாதா மேடம்?” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சொல்லி முடித்த பிறகும் யாரையாவது விட்டுவிட்டேனோ என்று சாயங்காலம்வரை ஒவ்வொரு பெயராக எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்னொன்றும் உண்டு. யாராவது வந்து, “நான் சரியாத்தான் செஞ்சேன், எப்படிப் போச்சுன்னு தெரியல” என்று நின்றால், முதலில் அவர்களை உட்கார வைத்து, “நீங்க செஞ்சிருப்பீங்க” என்று சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம்தான் கணினியைப் பார்க்கிறேன்.