ஒரே தாளில் இரண்டு வேல்

நவம்பர் 9
அண்ணையும் அவன் கூட்டாளி பிரகலாதனும் போன படகு கரைக்கு வராமல் இன்று ஒன்பதாம் நாள். அம்மா அவனுக்கும் சேர்த்துச் சமைத்தார்.

நவம்பர் 11
எங்கள் பக்கத்து நாகர்கோயில் கரையில் ஓர் உடல். முகம் இல்லை. வலக்கையில் பச்சை குத்திய வேல்.
அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முற்றத்திலேயே நின்றார். "வேல் இருக்குப் பிள்ளை. பிரகலாதனுக்கும் உதுதானே இருந்தது."

நவம்பர் 12
எழுதித்தான் ஆகவேண்டும். அதைக் கீறியது நான்.
சன்னதிக் கோயில் தேருக்கு முதல்நாள். "தயா, நீ கம்பஸிலை படம் கீறிப் படிக்கிறாய்தானே, பச்சை குத்த ஒண்டு கீறித் தா. பிரகலாதனுக்கு வேல் மட்டும். எனக்கு மயிலும் வேணும், மயூரதன் எண்டெல்லே என்ரை பேர்" என்றான் அண்ணை.
"மயிலுக்குக் கனக்கக் கோடு. ரெண்டு பேரும் ஒண்டையே குத்துங்கோ."
பிரகலாதன் சிரித்தான். "பிறகு உங்கடை அம்மா தன்ரை மகன் எண்டு என்னைப் பிடிச்சுக் குளிக்க வாத்துப் போடுவா."
எளிமையே அழகு என்று வகுப்பில் படித்திருந்தேன். உண்மையில் பஞ்சி, வெறும் சோம்பல்.
ஒரே தாள். ஒரே அளவு. ஒரே கை. ஓர் இறகு கீறியிருந்தாலே போதும்.

நவம்பர் 15
மரபணுச் சோதனை. அம்மாவுக்கும் பிரகலாதனின் தாய் கேதீஸ்வரி மாமிக்கும் ஒரே வாங்கில் இருத்தி இரத்தம் எடுத்தார்கள். இருவரும் முகம் பார்க்கவில்லை. அது தன் பிள்ளையாக இருக்கக்கூடாது என்று அம்மா நேர்ந்திருக்கிறார். மாமியும் அதையே நேர்ந்திருப்பார். வேறென்ன செய்வது?

நவம்பர் 23
போனில் தேரன்று எடுத்த படங்களில் இருவரின் கையையும் பெருப்பித்துப் பார்க்கிறேன். எங்காவது ஒரு கோடு நடுங்கியிருக்கிறதா — இல்லை. குத்தினவன் கெட்டிக்காரன்.

டிசம்பர் 4
ஒன்றும் இல்லை.

டிசம்பர் 18
முடிவு வந்தது. அது அண்ணை இல்லை. பிரகலாதன்.
அம்மா சிரித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.
பின்னேரம் மாமி வீட்டில் சாவுப் பறை. அம்மா அவர்கள் படலை வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார். அவர்களுக்கு எரிக்க ஓர் உடல். எங்களுக்கு? நான் எதைக் கேட்டு அழ?

ஜனவரி 20
முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்து மாமி வந்தார். கூடவே அவருடைய இளைய மகன் கீர்த்திகன். அவனும் கடலுக்கு இறங்கப் போகிறானாம்.
"இவனுக்கும் ஒண்டு கீறித் தா பிள்ளை. ஒருத்தற்றையும் போலை இருக்கப்படாது."
கை தானாக மயிலில் தொடங்கியது. நிறுத்தினேன். அது அண்ணைக்கு.
சேவல் கீறினேன். வாலில் ஏழு இறகு. மூன்றாவதை வேண்டுமென்றே முறித்துக் கீறினேன்.
மாமி விரல் வைத்து எண்ணினார். எண்ணி முடித்ததும் தாளை அம்மாவிடம் நீட்டினார்.
அம்மாவும் எண்ணினார்.